கேபிள் என் கையில் இருந்தது

நீங்கள் நம்பப் போவதில்லை, அது எனக்கே தெரியும், ஏனென்றால் போன வருஷம் பங்குனி மாதம் வரைக்கும் இப்படி ஒரு கதையை யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். ராமநாதபுரத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். "மேடம், கம்ப்யூட்டருக்குள்ள என்னமோ இருக்கு" என்று பதறிப்போய் போன் பண்ணுவார்கள், போய்ப் பார்த்தால் ப்ளக் கழன்று கிடக்கும். பேய், காத்து கருப்பு எல்லாமே என் கணக்கில் லூஸ் கனெக்‌ஷன்தான்.

அன்றைக்குப் போனது ஒரு ஸ்கேன் சென்டருக்கு. இங்கே படம் எடுப்பார்கள், மதுரையில் இருக்கும் டாக்டரம்மா அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார், அது நேராக இங்குள்ள பிரிண்டரில் வந்து விழ வேண்டும். அதற்காக ஒரு வி.பி.என். ரவுட்டர். பயந்துவிடாதீர்கள், பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, இன்டர்நெட்டுக்குள்ளேயே வேறு யாரும் நுழைய முடியாத தனிப் பாதை ஒன்றைப் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். காலையிலேயே பாதை திறந்துவிட்டது, படங்கள் ஜோராக மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தன. புது பிரிண்டர்தான் முரண்டு பிடித்தது. மதுரையிலிருந்து பார்த்தால் ரவுட்டர் தெரிகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் பிரிண்டர் தெரியவில்லை. டீ கூடக் குடிக்காமல் ரெண்டு மணி நேரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கருப்பையா அண்ணன் தகராறை ஆரம்பித்தார். உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாயி. முதுகும் வயிறும் சேர்ந்து வலிக்கிறது என்று அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா வலுக்கட்டாயமாக அழைத்து வந்திருந்தார். ஸ்கேன் முடிந்து சட்டையைப் போட்டதும் மனுஷர் பையைத் தூக்கிவிட்டார்.

"மிளகா அம்புட்டும் களத்துல காயுது, மேகம் இருட்டிக்கிட்டு நிக்குது. ஒரு தூத்தல் விழுந்தா எல்லாம் கறுத்துப் போகும். நான் போறேன், ரிப்போட்டை நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"ராத்திரி பூரா உருண்டீகளே, செத்த உக்காருங்க" என்று கெஞ்சினார் பஞ்சவர்ணம் அக்கா.

"வாயுக் கோளாறுக்கு எதுக்குடி இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

ஸ்கேன் எடுக்கும் பெண் ஜெசிமா குறுக்கே வந்தாள். "டாக்டரம்மாகிட்ட இன்னும் நாலஞ்சு பேரு படம் முன்னால இருக்குண்ணே. பார்த்ததும் அனுப்பிருவாக."

அவர் கோபம் என் பக்கம் திரும்பியது. "ஏன் தாயி, அந்த மிசினு வேலை செய்யுமா, செய்யாதா?"

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷ அனுபவம் இல்லையா! "கேபிளைப் பாக்குறேன், பத்து நிமிசம் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பிரிண்டருக்குப் பின்னால் கையை விட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

இனிமேல்தான் நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. கேபிள் என் கையில் இருக்கிறது. பிரிண்டரில் கரண்ட் வயரைத் தவிர வேறு எதுவும் இல்லை. வைஃபையில் வந்திருக்கும் என்பீர்கள், அந்த மாடலில் வைஃபையே கிடையாது. உள்ளே பழையது ஏதாவது தங்கியிருக்கும் என்பீர்கள், அட்டைப்பெட்டியைப் பிரித்து உள்ளே ஒட்டியிருந்த டேப்பை உரித்ததே நான்தான். அந்த நிலையில் பிரிண்டர் உறுமியது. ஒரு தாள் மெதுவாக வெளியே வந்தது.

எடுத்துப் பார்த்தேன். மேலே கருப்பையா, அவர் வயது, அவர் ஊர். கீழே மதுரை டாக்டரம்மாவின் பெயர். நடுவில் இருந்த மருத்துவ இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, ஜெசிமாவிடம் நீட்டினேன். நாலு வரி படித்திருப்பாள், "அக்கா, அவரைப் புடிங்க!" என்று கத்தினாள்.

அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், என்ன ஏது என்றே தெரியாமல்! "கையை விடு தாயி, பஸ்ஸு போயிரும்" என்று அவர் இழுக்க, நான் விடவே இல்லை. அதற்குள் ஜெசிமா ஸ்பீக்கரில் மதுரைக்குப் பேசினாள்.

"எந்த ரிப்போர்ட்டும்மா? அவர் படத்தை நான் இன்னும் திறக்கவே இல்லையே" என்றார் டாக்டரம்மா.

மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் மாறிவிட்டது. "அவரை ஒரு அடிகூட நடக்க விடாதீங்க. படுக்க வைங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

வயிற்றுக்குள் போகும் பெரிய ரத்தக் குழாய் வீங்கிக் கசிய ஆரம்பித்திருந்ததாம். பஸ்ஸில் அந்தக் குலுக்கலில் போயிருந்தால் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டும் மனுஷர் "மிளகா..." என்றார். "கெடந்தா கெடக்கட்டும், நீங்க எந்திரிச்சு வாங்க, அது போதும்" என்று பஞ்சவர்ணம் அக்கா ஓவென்று அழுதார். மதுரையில் அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது, பிழைத்துவிட்டார்! சேதி வந்ததும் ஜெசிமாவும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்தோம், வரிசையில் இருந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் போனதும் நான் மறுபடி வேலையைப் பார்த்தேன். கோளாறு என்னுடையதுதான். பிரிண்டருக்கு ரவுட்டரின் எண்ணைக் கொடுக்க மறந்திருக்கிறேன், பதில் அனுப்ப அதற்கு வழியே தெரியாமல் இருந்திருக்கிறது. கேபிளைத் திரும்ப மாட்டி அந்த எண்ணைக் கொடுத்ததும் டாக்டரம்மா எழுதிய நிஜ ரிப்போர்ட் மதுரையிலிருந்து வந்து விழுந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி ஒன்றே. ஒரே ஒரு இடம்தான் வேறு. டாக்டரம்மாவின் தாளில் அடியில் "பக்கம் 1/1" என்று இருந்தது. முதலில் வந்த தாளில் "பக்கம் 1/2".

நான் எழுதினதே ஒரு பக்கம்தான் என்கிறார் டாக்டரம்மா. இரண்டாவது தாளில் என்ன இருந்திருக்கும், அது ஏன் வரவில்லை, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த எந்த நெட்வொர்க் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை.

போன மாதம் கருப்பையா அண்ணன் செக்கப்புக்கு வந்திருந்தார். ஜெசிமா அவரிடம் எல்லாவற்றையும் உளறி வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்த ரெண்டாவது தாளு வந்துருச்சா தாயி?"

"இல்லண்ணே."

"வந்தா எங்கிட்ட காட்டிறாத" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்.