மூன்றாம் தண்ணீர் வரைக்கும்

குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளில் நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றுவதற்குக் கண்ணாத்தாளை விட்டால் ஆள் கிடையாது. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். மகள் தனப்பிரியாவை இரண்டு வருடம் காப்பாற்றியது அந்தப் பிடிவாதம்தான். இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

ஒன்பது வயதில் பிள்ளைக்கு முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனது. உடம்பைக் காக்க வேண்டிய காவலே திரும்பிக்கொண்டு சிறுநீரகத்தைத் தின்கிறது, பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவது என்றார் சேலத்து டாக்டர் மதுமதி. "மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதும்மா. காய்ச்சலோ கொப்புளமோ, எது வந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க."

கண்ணாத்தாளுக்குப் படிப்பு இல்லை. மாத்திரைகளை நிறத்தால் அடையாளம் வைத்துக்கொண்டாள். காலையில் டாக்டர் கொடுத்த சோதனைக் காகிதத்தைச் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பாள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையாக மாறினால் ஆகாது. இரண்டு வருடம் ஒரு நாள் தப்பவில்லை.

பங்குனியில் பிள்ளைக்கு அம்மை போட்டது. கண்ணாத்தாள் வாசலில் வேப்பிலை செருகினாள். மாத்திரைகளை எடுத்து அம்மன் படத்தடியில் வைத்துவிட்டாள். அம்மை கண்ட வீட்டில் மருந்து தொடக்கூடாது, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போகக்கூடாது. அவள் வளர்ந்த விதம் அது.

ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் போயிருந்த புருஷன் குணசீலன் போனில் கெஞ்சினான்.

"ஏம்புள்ள, டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளு."

"ஆத்தா வந்திருக்கறப்ப மாத்திரை குடுத்தா கோவிச்சுக்குவாளுங்க. நீங்க போர் ஓட்டறதப் பாருங்க."

"பாறையக்கூட ஓட்டை போட்டுருவேன், உன்ற தலையில ஒண்ணும் எறங்காது."

"மாத்திரை வேண்டாமாம்மா?" என்று பிள்ளையும் கேட்டாள்.

"ஆத்தா பாத்துக்குவா, சாமி."

ஒன்பதாம் நாள் முகம் வீங்கியது. பதினோராம் நாள் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்போதே பிள்ளை சரிந்து விழுந்தாள்.

சேலத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை விடாம குடுத்தீங்களா?"

"குடுத்தேனுங்க."

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்ததோ! டாக்டர் பிள்ளையிடம் குனிந்தார். கண் வீங்கிக் கிடந்தவள் இமையைச் சிரமப்பட்டுத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா டெய்லி குடுத்துச்சுங்க."

மருந்து நின்றுபோன உடம்புக்கு ஒரு வைத்தியம், மருந்துக்கே கட்டுப்படாத நோய்க்கு வேறொரு வைத்தியம். இது இரண்டாவது என்று நம்பி டாக்டர் இரண்டு நாள் அந்த வழியில் போனார். மூன்றாம் நாள் கண்ணாத்தாள், அம்மன் படத்தடியில் மஞ்சள் கறை படிந்த மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள்.

"நாந்தானுங்க நிறுத்துனேன். புள்ளைய வையாதீங்க. எனக்காவத்தான் அப்படிச் சொல்லிப்போட்டா."

டாக்டர் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சீட்டை இழுத்து மருந்தை மாற்றி எழுதினார்.

உயிர் பிழைத்தது. சிறுநீரகம் திரும்பவில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், சேலத்துக்குப் பஸ், குடிக்கும் தண்ணீர்கூட அளந்துதான். அந்தப் பதினோரு நாளால்தான் போச்சா, பொய் சொன்ன இரண்டு நாளாலா என்று கண்ணாத்தாள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றுதான் டாக்டர் சொல்கிறார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

தனப்பிரியா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால், "இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சே?" என்று டாக்டர் சும்மா கேட்டாலும், வாயைத் திறக்குமுன் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறாள்.