கரண்டுக்காரர் வீட்டில் புது பிளக் பாயிண்ட்

அந்தத் தெருவுக்கு அவர் கரண்டுக்காரர். ஃபேன் கிறீச்சிட்டாலும் பல்பு கண்ணடித்தாலும் ஒரு சொல் சொல்லி அனுப்பினால் போதும், அரை மணி நேரத்தில் வாசலில் நிற்பார். அவர் கை படாத சுவிட்சுப் பெட்டி அங்கே இல்லை. அவர் வீட்டுச் சமையலறையில் மட்டும் மிக்ஸிக்கான பிளக் பாயிண்ட் எட்டு மாதமாகக் கருகி, வாய் பிளந்து, கறுப்பு டேப் ஒட்டிக் கிடந்தது. மிக்ஸி படுக்கையறையில், அவர் தலைமாட்டில் ஓடியது.

அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேப்பைக் காணோம். அந்த இடத்தில் பளீரென்று புது பிளக் பாயிண்ட். மிக்ஸி அதன் கீழே புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"யாரு வந்தா?" என்றார்.

"யாரும் வரலையே," என்றாள் மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

இது அடுத்த தெருக்காரன் வேலைதான். தொழிலில் அவருக்குப் போட்டி அவன் ஒருவன்தான். கரண்டுக்காரர் வீட்டுக்கே நான் போய்த்தான் மாட்டிக் கொடுத்தேன் என்று அவன் ஒரு வாய் சொன்னால் போதும், இருபது வருஷப் பெயர் சந்தி சிரித்துப் போகும்.

சரி, அவன் வேலையில் ஒரு ஓட்டையாவது கிடைக்காமலா போகும்? மெயினை அணைத்தார், மூடியைக் கழற்றினார். கருகிய கம்பி முனைகளைச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டியிருந்தான். சிவப்பு, கறுப்பு, பச்சை எல்லாம் அதனதன் இடத்தில். இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஓர் இழைகூட வெளியே துருத்தவில்லை. பாவி.

"கைகாரன்தான்," என்றார் பெருமூச்சோடு. "சொல்லு, அவன்தானே?"

கத்தி நின்றது. "எவன்? நான்தான் மாட்டினேன். கடைக்குப் போய் அதே அளவுல ஒண்ணு வாங்கினேன். ஃபியூஸைப் புடுங்கி இடுப்புல சொருகிக்கிட்டேன், யாராவது திரும்ப மாட்டிடக் கூடாதுல்ல. டெஸ்டர் வச்சுப் பார்த்தேன், எரியல. அப்புறம்தான் கை வச்சேன்."

"உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், 'பத்து நிமிஷ வேலை, இதுக்குப் போயி பறக்கிறியே'ன்னு ஆரம்பிச்சு, எந்தக் கம்பி எங்க, எவ்வளவு முறுக்கணும்னு ஒண்ணு விடாம சொல்லிட்டு, படுத்துத் தூங்கிடுவீங்க. எட்டு மாசப் பாடம். ஃபெயிலாவா போவேன்?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் காலடி இந்த வீட்டில் படவில்லை, அது போதும். சிரித்துக்கொண்டே மூடியை மாட்டினார், மெயினைப் போட்டார், மிக்ஸியை வெறுமனே ஒரு சுற்று ஓட விட்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, எங்க வீட்டுல அயர்ன் பாக்ஸ் மாட்டுற பாயிண்டும் கருகிக் கெடக்கு."

"காலையில முதல் வேலையா வந்துடறேம்மா."

"நீங்க எதுக்குண்ணே அலையறீங்க? மத்தியானம் அக்கா செஞ்சதைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். அக்காவையே அனுப்புங்க."

கரண்டுக்காரர் திரும்பினார். மனைவி ஈரக்கையைத் துடைத்துவிட்டு, அவர் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு படி இறங்கியிருந்தாள்.

"அவங்க வீட்டு மெயின் எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு? இரு, நானும் வர்றேன்," என்று டார்ச்சைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார்.