சிவப்புப் பாறைக்கு ஒரு பிரதட்சணம்

போன ஞாயிறு திருவேற்காட்டு அம்மன் கோயிலில் ஒரு காதுகுத்து. அம்பத்தூர் கம்பெனியில் என்னோடு லேத் ஓட்டும் தனபாலின் பெண்ணுக்கு. குழந்தை போட்ட கூச்சலில் மேளக்காரரே ஒரு நிமிஷம் வாசிப்பை நிறுத்திவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் உட்கார்ந்ததும் தனபால் ஆரம்பித்தான். "இவன் கீறானே... அமெரிக்காவுல நான் கால் கொப்புளிக்க நடந்துகினு கீறேன், இவன் ஜீப்பாண்ட நின்னு வேடிக்க பாத்துகினு இருந்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் புது மெஷின் பழகி வர எங்கள் இருவரையும் மூன்று மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். தனபாலின் மனைவி சரோஜாவுக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு ஆவடிக்குத் திரும்பியவள். போகமாட்டேன் என்று நின்றவனை, "நீ போய்ட்டு வாய்யா, நான் பாத்துக்கறேன்" என்று அவள்தான் அனுப்பிவைத்தாள்.

டாக்டர் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் ஆயிற்று. தந்தி வரவில்லை. தனபாலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரூமிலேயே விட்டால் ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து, ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றினேன். பாலைவனத்தில் பெரிய பெரிய சிவப்புப் பாறைகள் இருக்கின்றன, அவசியம் பாருங்கள் என்று எல்லோரும் சொன்னார்களே — அங்கே.

நவாஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. அவர்களில் ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், மறுநாள் காலை தன் ஜீப்பில் எங்களை அழைத்துப் போனாள்.

பாறையா அது? செம்மண் வெளியில் கோபுரம் கோபுரமாக மணற்கல் நிற்கிறது. சுற்றிலும் ஒரு மரம் கிடையாது, காற்றைத் தவிர ஒரு சத்தம் கிடையாது. பல்லாவரத்து மலையையே பெரிய மலை என்று நினைத்திருந்தவன் நான்... கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.

தனபால் ஷூவைக் கழற்றினான். சாக்ஸைச் சுருட்டி அதற்குள் வைத்தான்.

"இன்னாப்பா பண்றே?"

"இத்த ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். ஊர்ல இருந்தா திருவேற்காட்டுக்கு ஓடியிருப்பேன். இங்க எனக்கு யாரு கீறா?"

"டேய், இது கோயில் இல்லடா. கல்லு."

"அங்க மட்டும் இன்னாவாம்?"



எனக்குக் கூச்சம். ஊரான் இடத்தில் இதென்ன கூத்து? அந்த அம்மாளிடம் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். மனைவி, குழந்தை, வராத தந்தி... எல்லாம். இவன் சுற்றி வரலாமா என்றும் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பாறையை வலப்பக்கம் வைத்துக் கிளம்பியவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாங்களும் சூரியன் போகிற பக்கமாகத்தான் சுற்றுவோம். வீட்டுக்குள் நுழைந்தால்கூட அப்படித்தான். சரியாகத்தான் போகிறான்" என்றாள். பிறகு ஜீப்பிலிருந்து தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள். ஒன்றரை மணி நேரம். என்ன மனசு அது!

ராத்திரி பஸ் பிடித்து, திங்கள் காலை ரூமுக்குத் திரும்பினால் கதவிடுக்கில் தந்தி. பெண் குழந்தை, இருவரும் நலம். அனுப்பிய நாள் — வெள்ளிக்கிழமை.

என் வாய் சும்மா இருக்குமா? "பாத்தியா, நீ நடக்கறதுக்கு முன்னாடியே பொறந்துடுச்சு" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இருக்கட்டும்பா. எனக்குத் தெரியாதே. அவ அங்க இன்னா பாடுபடறாளோன்னு கீறப்போ, நான் குந்திகினா இருக்க முடியும்?"

சாமி கும்பிட பக்தி போதும். பக்கத்தில் கூட்டாளி நிற்கும்போது கும்பிடத்தான் தைரியம் வேண்டும். அது தனபாலிடம் இருந்தது.

என்னிடம் இல்லை. அதனால் பந்தியில் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர்கள் இருவரும் பாறைக்குப் பின்னால் மறைந்ததும், ஜீப்புக்குப் பக்கத்தில் ஆளுயரத்தில் கிடந்த ஒரு சின்னப் பாறையை நான் மூன்று சுற்று சுற்றினேன். வெறுங்காலோடுதான். சரோஜா பிழைத்து வரவேண்டும், குழந்தை அழவேண்டும்... அவ்வளவுதான் கேட்டேன்.

தனபால், இதைப் படித்துவிட்டு நாளைக்குக் கம்பெனியில் என்னிடம் எதுவும் கேட்காதே!