மண்டோர் போட்ட இரண்டு மாத்திரை

என் கணவர் மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அரசாங்க கிளினிக்கில் இந்தத் தடவை பிரஷருக்கு வெள்ளை மாத்திரைக்குப் பதில் ரோஸ் கலர் மாத்திரை கொடுத்தார்கள்.

“மட்டமான கம்பெனிலா இது. மட்டமான உரம் வந்தா ரெண்டு மடங்கு போடுறதில்லையா?” என்று தினமும் இரண்டாக விழுங்கினார் மேதாவி.

மூன்றாம் நாள் வேலையில் தலைசுற்றி விழுந்தார். செம்பனைக் குலை வெட்டுபவர்கள் லாரியில் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். “மருந்து அதேதான், கம்பெனிதான் வேற. ஒண்ணுக்கு மேல போடக்கூடாது” என்றார் மருந்து கொடுக்கும் பெண்.

இப்போது மாத்திரையின் நிறம் மாறினால் கவுண்டரிலேயே கேட்டுவிடுகிறேன். பொட்டலம் என் கைப்பையில்தான். காலையில் மண்டோர் கையை நீட்டுவார். ஒன்றை வைத்து, “உரம் போட்டாச்சு, வேலைக்குப் போங்க” என்பேன்.