தொட்டிச் சுவரில் கரி எழுத்து

நனைந்த அடுப்புக்கரிக்கு ஒரு மணம் உண்டு. முந்தாநாள் பெய்த மழையில் சமைக்கும் குசினிக்கு வெளியே கிடந்த கரிச்சாக்கு ஊறிப்போனது. அதை இழுத்து உள்ளே போடும்போது அந்த மணம் எழும்பி வந்தது. பாதி நெருப்பு, பாதி கிணறு. கையில் பிடித்த கரித்துண்டை நான் கீழே வைக்கவில்லை. இந்த வயதிலும் சுவரைத் தேடினேன்.

தென்மராட்சியில் எங்கள் கிணறு பங்குக் கிணறு. எங்கள் வளவுக்கும் மாமா வளவுக்கும் நடுவே வந்த கிடுகுவேலி கிணற்றின் கட்டில் முட்டி நின்றுவிடும். தண்ணீரில் வேலி போட ஏலாதல்லவா. பாதிக் கிணறு எங்களுக்கு, பாதிக் கிணறு அவர்களுக்கு. தண்ணீர் இறைக்கும் துலா ஒன்று, தொட்டி ஒன்று. காலையில் எங்கள் முறை, பின்னேரம் அவர்கள் முறை.

மாமா என் அம்மாவின் தமையன். மலாயா ரயில்வேயில் கிளார்க்கு. ஒருமுறை லீவில் வந்து நின்றபோது எங்கள் முறையில் தன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டார். அவருக்கும் ஐயாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், பேச்சு வளர்ந்தது. ஐயா பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்து, இந்த வீட்டு வாய் அந்த வீட்டோடு திறக்காது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். கற்பூரம் அணைத்த சத்தியத்தை யார் மீறினாலும் குற்றம் சத்தியம் செய்தவர் தலையிலே விழும் என்பது ஊர் அறிந்த விஷயம். மாமா மலாயாவுக்குத் திரும்பிவிட்டார். சத்தியம் கிணற்றடியில் நின்றுவிட்டது.

மாமாவின் மகள், என் மச்சாள், என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எட்டாம் வகுப்போடு இரண்டு பேரையும் வீட்டில் மறித்துவிட்டார்கள். அதன்பிறகு அவளை நான் கண்டதெல்லாம் கிணற்றுக்கு அக்கரையில்தான். வாளி விடுவாள், வாளி எடுப்பாள், போவாள்.

ஐயாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வரும். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு போட்டி: நாலு ஆங்கில எழுத்துகளைத் தந்து, அவை நாலும் எங்கேயாவது வருகிற சொற்களை எல்லாம் தேடி அனுப்பச் சொல்வார்கள். முதல் முறை ஏ, ஈ, ஆர், டி. எனக்குத் தலை கிறுகிறுத்தது. எங்கள் எழுத்தில் உயிர் மெய்யோடு ஒட்டிக்கொண்டு வரும். அவர்களுடையதில் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கிறது, கோபக்காரக் குடும்பங்களைப்போல. இந்த நாலும் எந்தெந்த வீடுகளில் ஒன்றாகக் குடியிருக்கும்? அதை அறியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னிடம் பத்திரிகை இருந்தது. அகராதி மாமா வீட்டில் இருந்தது.

யோசித்தேன். சத்தியம் வாய்க்குத்தானே, கைக்கு இல்லையே? ஒரு பின்னேரம் தொட்டிச் சுவரில் கரியால் நாலு எழுத்தையும் எழுதிவிட்டு, கீழே ஹார்ட் என்ற சொல்லையும் எழுதிவிட்டு வந்தேன். அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.

அடுத்த நாள் விடியப் போய்ப் பார்த்தால் அதன் கீழே ஆஃப்டர், ஃபாதர், கிரேட், மார்க்கெட். சாய்ந்த எழுத்து. வாங்கில் என் பக்கத்தில் இருந்த அதே கை.

அதிலிருந்து வாராவாரம். அவள் எழுதுவாள், ஐயா துலாவில் இறைக்க வருவதற்கு முன் நான் கொப்பியில் எழுதிக்கொள்வேன். ஐயா துலாவில் கட்டிய பட்டையைக் கவிழ்த்தால் சுவர் முழுதும் தண்ணீர் அடிக்கும், சொற்கள் கறுப்பாய் வழிந்து வாய்க்காலுக்குள் ஓடும். எங்கள் வாழைகளுக்கு அவ்வளவு ஆங்கிலம் போயிருக்கிறது.

ஒரு விஷயம் என்னை அரித்தது. அவள் எழுதும் சொற்களின் முதல் எழுத்து எஸ்ஸைத் தாண்டவே இல்லை. ஸ்டீமர் வந்தது. அதற்கப்பால் டி இல்லை, டபிள்யூ இல்லை. பல வாரம் யோசித்த பிறகுதான் விளங்கியது: அகராதியின் வால் பகுதியைக் கறையான் தின்றிருக்கிறது! எஸ்ஸுக்குப் பின்னாலுள்ள உலகம் என் பொறுப்பு. என்னிடம் அகராதி இல்லை, ஆனால் வீடு இருந்தது. சவர்க்காரப் பெட்டி, பிஸ்கட் தகரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி வாசித்தேன். சாவகச்சேரி ஆஸ்பத்திரி மருந்துப் போத்தலில் ஒட்டிய துண்டில் வாட்டர் கிடைத்தது. பழைய பள்ளிக்கூட ரிப்போட்டில் டீச்சர். பரிசு ஒருநாளும் வரவில்லை. அது கொழும்புக்காரருக்கும் கண்டிக்காரருக்கும் போகும்.

ஒரு மாரிமழை முடிந்த கையோடு எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் பாயில் கிடந்தேன். அந்த வாரத்துச் சொற்கள் கழுவப்பட்டுப் போயிருக்கும் என்று நினைத்துத்தான் நாலாம் நாள் கிணற்றடிக்குப் போனேன். அப்படியே இருந்தன. சுவரில் ஒரு காய்ந்த பனையோலை சாத்தி, அதற்கு மேல் கல் வைத்திருந்தது. ஓலைக்குப் பின்னால் பத்தொன்பது சொற்கள், ஒரு துளி ஈரம் படாமல்.

அம்மாவிடம் கேட்டேன். ஐயா மூன்று நாளாய் தொட்டியின் மற்றப் பக்கத்தில் நின்று இறைக்கிறார், இடுப்பு நாரி நோகுது என்று வேறு சொல்கிறார், ஏனென்று தனக்குத் தெரியாது என்றாள். ஐயாவுக்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் தெரியாது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தி, மாமா கடிதம் போட்டு மாமியையும் மச்சாளையும் மலாயாவுக்கு அழைத்துக்கொண்டார். சந்தைக்குப் போன அம்மாதான் செய்தி கொண்டுவந்தாள். தூரதேசம் போகிறவர்கள் இனசனத்தின் வீடுகளுக்கு எல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். சொல்லாமல் போனால் உறவு அறுந்தது என்று அர்த்தம். ஊரில் எல்லா வீட்டுக்கும் போனார்கள். எங்கள் வாசல் படலையைத் தாண்டித்தான் போனார்கள், வந்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் எழும்பி நின்றேன்.

புறப்படும் நாள் விடியற்காலை. மாமா வளவில் வண்டில் பூட்டி நின்றது. ஐயா தொட்டியடியில் நின்று இறைத்துக்கொண்டிருந்தார். நான் குடத்தோடு போனேன், எழுதிவிட்டுப் போயிருப்பாளோ என்று பார்க்க. சுவரில் ஒன்றுமில்லை. அக்கரையில் அவளே நின்றாள், புதுச்சீலையோடு. வெறுங்கை. என்னைப் பார்க்காமல் கிணற்றுக்குள் பார்த்தாள்.

“மச்சாள், நான் போட்டு வாறன்.”

அவளுடைய குரல் தடித்திருந்தது. அது பள்ளிக்கூடத்தில் நான் கேட்ட குரல் இல்லை. அதன்பிறகு எழுத்து மட்டுந்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

என் வாய் திறக்கவில்லை. திறந்தால் குற்றம் ஐயாவின் தலையில். திறக்காவிட்டால் அவள் மறுமொழி இல்லாமல் கடல் கடப்பாள். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் துலாக்கொடியைப் பிடித்தபடி பட்டையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவர் பக்கமும் திரும்பவில்லை.

“சத்தியம் செய்தது நான்,” என்றார், பட்டையிடம் சொல்வதுபோல. “நீ அண்டைக்குக் கோயிலுக்கு வரேல்லைத்தானே. வாயைத் திறந்து சொல்லு, பிள்ளை. வண்டில் நிக்குது.”

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எத்தனையோ சொல்லலாம் என்று எண்ணி வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

“எஸ் வரைக்கும் நீ பார், மிச்சத்தை நான் பாக்கிறன். போட்டு வா, மச்சாள்.”