இருபத்து மூன்றாம் குறிப்பு

தந்தி என்று அவரை முதலில் கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தக் கட்டட நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தபோதே அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பத்துச் சொல் வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். புதிதாக வருகிறவர்கள் ஆள் அழுத்தக்காரர் என்று நினைப்பார்கள். ஒரு வாரம் பழகினால் உண்மை தெரிந்துவிடும். அவருக்குத் திக்குவாய்.

பிளம்பிங் ஃபோர்மேன். கையில் இருபத்தெட்டு வருட வேலை. ஆனால் 'குழாய்' என்ற சொல் வாயில் வராது. 'பைப்பு'ம் வராது. 'லைன்' என்பார். ஒரு சொல் வழியை மறித்தால் சந்துக்குள் புகுந்து வேறு சொல்லோடு வெளியே வருவார். அப்படிச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் கேட்கிறவர் பாதி நேரம் போயே போயிருப்பார்.

அவர் மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடை என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருப்பார். "வீட்டுக்குன்னு வச்சிருந்த பேச்சையெல்லாம் நானே வாங்கிட்டு வந்துட்டேன் போல" என்று என்னிடம் ஒருமுறை சிரித்தார். வீட்டு விஷயங்கள் சிலவற்றை நான் தெரிந்துகொண்டது அந்த அம்மா வாயால்தான்.

வேலைத் தளத்தில் பதினெட்டு வருடம் தந்திக்குப் பதிலாகப் பேசியவர் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன்; கொத்தனார் மேஸ்திரி. கூட்டங்களில் தந்தி அவர் காதருகே ஏதோ சொல்வார். அவர் எழுந்து, "எங்க மாப்பிள்ளை என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்து, மாப்பிள்ளை சொன்னது ஒரு பங்கு, தன் சரக்கு மூன்று பங்கு என்று கலந்து அடித்துவிடுவார். தந்தி தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

மச்சானுக்கு முட்டி தேய்ந்து அறுவை சிகிச்சை ஆனபோது மூன்று மாதம் வரவில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் அடுக்குமாடிக் குடியிருப்பு விவகாரம் நடந்தது. அங்கே ஒரு கழிவுநீர்க் குழாய்க்குக் காற்றுப் போகிற வழி படத்தில் விட்டுப்போயிருந்தது. தந்தி கூட்டத்தில் எழுந்தார். "கா... கா..." என்று திணறினார். "காலைலயே முடிச்சிட்டீங்களா? சபாஷ்!" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தந்தி உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதம் கழித்து, குடியேறிவிட்ட வீடுகளில் நாற்றம் தாங்க முடியவில்லை என்று புகார் வந்தது. புதுத் தரை ஓடுகளைப் பெயர்க்கப் போனவரும் அவரேதான். ஒரு வீட்டில் கைக்குழந்தையோடு நின்ற பெண், "கட்டும்போதே இது தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டாளாம். தெரியும் என்று சொல்ல அவருக்கு வாயில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று அவர் மனைவி சொன்னார்.

பிறகு மச்சான் ஓய்வு பெற்று, வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். அதே மாதம் நாங்கள் மகப்பேறு மருத்துவமனைக் கட்டடத்தைத் தொடங்கினோம். இனிமேல் காகிதப் படங்கள் கிடையாது, எல்லாம் டேப்லெட்டில்தான் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பதினோரு டேப்லெட்டுகளையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தவன் நான். தளத்தில் அதற்கு உடனே 'சிலேட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தச்சு மேஸ்திரி அதை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். "இந்த வயசுல என்னை ஒண்ணாங்கிளாஸ்ல சேக்குறாங்கப்பா" என்றார்.

தந்தியோ சட்டை நுனியால் திரையைத் துடைத்துவிட்டு, இரண்டு விரல் வைத்து விரித்துப் பார்த்தார். குளியலறைப் படம் பெரிதாகிக்கொண்டே போனது. காகிதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த அளவுகள் கொட்டை எழுத்தாக நின்றன. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்கு வந்து, படத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தைத் தொட்டுக் காட்டி, என்ன என்று புருவத்தைத் தூக்கினார்.

"அது கமெண்ட் எழுதறதுக்கு. படத்துல எந்த இடம்னு வட்டம் போட்டுட்டு, சொல்ல வேண்டியதை எழுதலாம். நீங்க எழுதினா இன்ஜினியர், படம் வரையற ஆபீஸ், எல்லாரும் பாப்பாங்க."

"எ... எல்லாரும்?"

"எல்லாரும்தான்."

அன்று சாயங்காலம் பேருந்தில் போகும்போதே முதல் குறிப்பை எழுதியிருக்கிறார். முதல் மாடியில் ஒரு கைகழுவும் தொட்டியின் குழாய், கதவு திறக்கிற பக்கமாக வந்திருந்தது. சிவப்பில் வட்டம் போட்டு, "கதவு திறந்தா குழாய்ல இடிக்கும். குழாயை ஒரு அடி தள்ளி வைக்கணும்" என்று எழுதியிருந்தார். இரண்டு நாளில் படம் வரையும் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: "சரியான கவனிப்பு. திருத்திவிட்டோம். நன்றி."

அதை மனைவியிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மா பதிலைவிடக் குறிப்பைத்தான் இரண்டு தடவை படித்தாராம். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இந்த மனுஷன் 'குழாய்'னு சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுல ரெண்டு இடத்துல எழுதியிருந்தாரு" என்று என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் தந்தியைப் பிடிக்க முடியவில்லை. விடியற்காலை வண்டியில் ஜன்னலோர இருக்கை, மடியில் சிலேட்டு. பிளம்பிங் படத்தோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை; மின்சாரப் படம், தூணும் மாடியைத் தாங்கும் பீமும் இருக்கிற படம், கூரைப் படம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படித்தார். அளவு தப்பென்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள், நன்றாக இருந்தால் பச்சையில் ஒரு கோடு. எழுத்தில் அவர் தந்தியே அல்ல. "இந்த மூலையில பராமரிப்புக்கு ஆள் நுழையணும். என்னை மாதிரி ஒல்லியா இருந்தா சரி, நம்ம மேனேஜர் நுழைஞ்சா வெளிய எடுக்கச் சுவரைத்தான் இடிக்கணும்" என்று ஒரு குறிப்பு. மேனேஜரே அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். வழியும் அகலமாயிற்று.

சிரிப்பு வராத ஆள் ஒருவர் இருந்தார், எங்கள் இன்ஜினியரம்மா. முப்பது வயது இருக்கும். தனியாகப் பொறுப்பெடுத்து நடத்துகிற முதல் பெரிய கட்டடம் அது. ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் சொல்லி, 'முடிந்தது' என்று அழுத்தி மூட வேண்டியது அவர் வேலை. தலைமை அலுவலகம் மாலைதோறும் எத்தனை மூடவில்லை என்று கேட்கும். "அண்ணன் ஒரே வாரத்துல பதினாறு போட்டிருக்காரு. நான் கட்டடம் கட்டறதா, பரீட்சை எழுதறதா?" என்று என் முன்னாலேயே தலையில் கை வைத்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்றாம் குறிப்பு இரண்டாம் மாடியைப் பற்றியது. தந்தி அதை எழுதிய மறுநாளே மூடப்பட்டிருந்தது. பதில் எதுவும் இல்லை. அவர் மறுபடி திறந்தார். மறுபடி மூடப்பட்டது. இன்னொரு தடவை திறந்து, "இதை யாராவது படிச்சீங்களா?" என்று ஒரு வரி சேர்த்தார். அதுவும் மூடப்பட்டது. அதற்குள் இரண்டாம் மாடிக்குக் கம்பி கட்டி முடிந்து, வியாழக்கிழமை காங்கிரீட் என்று நாள் குறித்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலைக் கூட்டம். தகரக் கொட்டகைக்குள் ஒன்பது பேர். பொருள் இருப்பு சொல்ல நானும் போயிருந்தேன். மேனேஜர் எழப்போகும் நேரத்தில் தந்தி எழுந்தார்.

"நா... நாளைக்கு... கா... கா..."

"காங்கிரீட். ஆமா, நாளைக்குத்தான். உங்க பக்கம் ரெடிதானே? சரி, போகலாம்."

நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. தந்தி உட்காரவில்லை. கையை உயர்த்தி, உள்ளங்கையை மேனேஜருக்கு நேராகக் காட்டினார்.

"இ... இல்ல."

நாற்காலிச் சத்தம் நின்றது. அவர் மேசையைச் சுற்றிப் போய், தன் டேப்லெட்டை இன்ஜினியரம்மா முன்னால் வைத்தார். 

"இருபத்தி மூணு. ப... ப..."

"பாக்கணுமா?" என்றார் மேனேஜர்.

இல்லை என்று தந்தி தலையை அசைத்தார். வாயில் வராத சொல்லுக்குப் பதிலாக வேறு சொல் தேடாமல் அவர் நின்றது அன்றுதான் முதல் தடவை. கழுத்து நரம்பு புடைத்தது.  கால் நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு ஒரு யுகம் மாதிரி இருந்தது.

"ப... படிங்க. ச... சத்தமா."

இன்ஜினியரம்மா படித்தார்.

"இரண்டாம் மாடி, கிழக்குக் குளியலறை. குழாய்ப் படத்துல பீம் ஆழம் பதினெட்டு அங்குலம்னு போட்டிருக்கு. தூண், பீம் படத்துல போன மாசம் அதை இருபத்தி நாலா மாத்திட்டாங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கழிவுக் குழாய் நேரா பீம்ல முட்டுது. காங்கிரீட் போடறதுக்கு முன்னால குழாய் போக பீம்ல ஓட்டை விடணும். விடலைன்னா குழாய்க்குச் சரிவு கிடைக்காது. சரிவு இல்லைன்னா அடைக்கும், அடைச்சா ஒழுகும். அதுக்கு நேர் கீழே பிறந்த குழந்தைங்களோட அறை."

கடைசி வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. பிறகு இரண்டு படங்களையும் திரையில் அருகருகே கொண்டுவந்தார். ஒன்றில் பதினெட்டு, மற்றதில் இருபத்து நான்கு.

"ஏணி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். கட்டியிருந்த கம்பிக் கூட்டை மேலிருந்து கீழாக அளந்தார். இருபத்து நான்கு. குழாய் போக வேண்டிய இடத்தில் கைவிட்டுப் பார்த்தார், கம்பிதான் தட்டுப்பட்டது.

மேனேஜர் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். காங்கிரீட் லாரிகளை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார். யார் காரணம் என்று கத்தத் தொடங்கினார்.

"நான்தான் சார்" என்றார் இன்ஜினியரம்மா. "மறுபடி மறுபடி திறந்தாரு. மூணு தடவையும் படிக்காமலே மூடினேன். எண்ணிக்கையைக் குறைக்கணும்னு மொத்தமா அழுத்தினேன்."

அப்படி ஒப்புக்கொள்வார் என்று மேனேஜர் எதிர்பார்க்கவில்லை. கத்தல் பாதியில் அடங்கிவிட்டது.

பீமில் நினைத்த இடத்தில் ஓட்டை விட முடியாது. அதற்குக் கட்டட வடிவமைப்பாளரின் அனுமதி வேண்டும். அந்த இருபத்து மூன்றாம் குறிப்பிலேயே கேட்டார்கள். அங்கேயே பதிலும் வந்தது. ஓட்டை எவ்வளவு அகலம், எந்த உயரத்தில், சுற்றி எத்தனை கம்பி கூடுதலாக என்று சின்னப் படம் வரைந்து அனுப்பினார். வியாழன் முழுவதும் கம்பி கட்டுகிறவர்களோடு தந்தியும் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் காங்கிரீட் போட்டார்கள். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை இன்ஜினியரம்மா இரண்டு கிளாஸ் டீயோடு ஸ்டோருக்கு வந்தார். ஒன்றைத் தந்தி கையில் கொடுத்தார்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. இனிமே உங்க குறிப்பை நீங்களே மூடுங்க. நான் தொடமாட்டேன்."

தந்தி டீயை ஊதிக் குடித்தார். பிறகு, "நா... நானும் கொஞ்சம் க... கம்மியா எழுதறேன்" என்றார்.

"வேண்டாம்ணே. எழுதுங்க. சுவரை இடிக்கற ஜோக்கை மட்டும் விட்டுடாதீங்க."

எழுதினவர்தான் மூட வேண்டும் என்பது அந்தத் தளத்தில் சட்டமே ஆகிவிட்டது. கட்டடம் முடிகிற வரைக்கும் அவர் எழுதியவை நூற்றுப் பன்னிரண்டு. எல்லாமே சரியென்று சொல்ல மாட்டேன். ஏழெட்டு தப்பு. அவற்றின் கீழே "நான்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்று அவரே எழுதி மூடியிருந்தார்.

பேச்சு மட்டும் மாறவில்லை. இன்றும் 'லைன்' என்றுதான் சொல்கிறார். மாறியது மற்றவர்கள். அவர் வாய் திறந்தால் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.

இப்போது எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். வேலை தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. படங்கள் இருநூற்று எண்பது பக்கம். காங்கிரீட் போட நாள் குறிக்குமுன் தந்தி ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்தே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நேற்று ஸ்டோர் ஜன்னலோரம் உட்கார்ந்து அறுபத்தாறாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற இடத்தைச் சுற்றி மஞ்சள் வட்டம். பக்கத்தில் எழுதியிருந்தார்: "குழாய் மூணரை அடி உயரத்துல இருக்கு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எட்டுமா?"