குமுதமஞ்சரிக்கு அம்மை போட்ட கதை

"பிரம்மா எழுதினதைக்கூட கோயிலுக்கு நேந்துகினா மாத்திப்புடலாம். இந்த மணவாளன் எழுதினதை மாத்த முடியாது. கொம்யூன் மேரு வந்தாலும் முடியாது, கவர்னரு வந்தாலும் முடியாது. நானே நெனைச்சாலும் முடியாது."

பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த பாகூர் கொம்யூனில், முப்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம், ஊர்க்கோடி ஆலைக் கொட்டகையில் கரும்புச் சக்கைக் குவியல் ஒன்றின்மேல் ஏறி நின்று மணவாளன் இப்படி முழங்கினார். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் துழாவிக்கொண்டிருந்த பக்கிரி தலையைத் தூக்காமலே, "நீயே நெனைச்சா இன்னாத்துக்கு முடியாது அண்ணே? மசி தீந்துடுமா?" என்று கேட்டான்.

பெரிய வார்த்தைகளுக்கு ஊரில் இப்படித்தான் மரியாதை கிடைக்கும் என்பது மணவாளனுக்குத் தெரியும். மேல்துண்டை உதறிக்கொண்டு குவியலைவிட்டு இறங்கினார்.

அவருக்கு இரண்டு காணி கரும்பும், பின்கட்டில் ஒரு கன்றுக்குட்டியும், கனகாம்பாள் என்ற மனைவியும், எழுதி முடியாத ஒரு நாவலும் இருந்தன. நாவலின் பெயர் 'குமுதமஞ்சரி அல்லது கதறி மாண்ட கற்பரசி.' கதாநாயகி சாகப்போகிறாள் என்பதை அட்டையிலேயே சொல்லிவிடும் நேர்மை அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு இருந்தது.

காலையில் கரும்புக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து, கால் சேறு காய்வதற்குள் எழுத உட்காருவார். சேறு காய்ந்து உதிரத் தொடங்கினால் கனகாம்பாள் துடைப்பத்தோடு வருவாள். ஆகவே அத்தியாயங்கள் சுருக்கமாக அமைந்தன. ஒன்பதாம் அத்தியாயத்தைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டது. அதை அவர் வாய்மொழியாகவே சொல்லவேண்டி வந்தது. கேட்டவர்கள் எல்லாரும் அதுதான் இருப்பதிலேயே உசத்தி என்றார்கள். மணவாளன் கொஞ்ச நாள் கன்றுக்குட்டியோடு பேசவில்லை.

இருந்தாலும் அவருக்கு ஒரு பாக்கியம் இருந்தது. வேறு ஆசிரியர்கள் அச்சான பிறகு வாசகர்களைத் தேடுவார்கள். இவருக்கு வாசகர்கள் முன்னாலேயே தயாராக இருந்தார்கள், அடுப்புக்குப் பக்கத்தில். ஆலை ஓடும் நாட்களில், பாகு பதத்துக்கு வருகிறவரை கொட்டகையில் யாராலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. மணவாளன் அந்த நேரத்தில் போய்ப் படிப்பார். அடுப்புக்குச் சக்கை தள்ளுகிற காசம்மாள்தான் முதல் ரசிகை. மாமியார் குமுதமஞ்சரியை மாட்டுக்கொட்டிலில் படுக்க வைத்தபோது அவள் வைத வசவில், அச்சில் போடக்கூடியது ஒன்றுமில்லை. குமுதமஞ்சரியின் கணவன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியபோது பக்கிரி துழாவ மறந்து, ஒரு கொப்பரை முழுக்கக் கருகியது. கருகிய வெல்லத்தைத் தின்றுகொண்டே, "பாவி, திரும்பிக்கூடப் பாக்காம போறான் பாரு" என்றான்.

இப்படிப்பட்ட புகழோடு மணவாளன் ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு, அரியாங்குப்பம் தாண்டி, பட்டணத்து அச்சுக்கூடம் ஒன்றுக்குப் போனார். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அச்சடிக்கிற இடம். அதன் சொந்தக்காரர் நாவலின் முதல் பக்கத்தையும் கடைசியாக எழுதிய பக்கத்தையும் பார்த்தார். நடுவில் இருந்ததைக் கையால் நிறுத்துப் பார்த்தார்.

"முசே மணவாளன், நான் போடறேன். பங்குனிக்குள்ள கடைசி அத்தியாயம் வரணும். வரும்போது அந்தப் பொண்ணு செத்திருக்கணும். உயிரோட கொண்டாந்தீங்கன்னா வண்டியைத் திருப்பிகினு போயிடுங்க."

"சாகாம எங்க போவப்போறா?" என்றார் மணவாளன். துரைமாரைக் கூப்பிடுவதுபோல் தன்னை ஒருவர் 'முசே' என்று கூப்பிட்டது அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அங்கே மாடு மூத்திரம் பெய்ய நின்றதால் கலைந்தது.

எதனால் சாகடிப்பது என்பதுதான் கேள்வி. ஏரியில் விழவைக்கலாமென்றால், கதை சித்திரையில் நடக்கிறது, ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். பாம்பு கடித்தால் உடனே போய்விடுவாள், கதறுவதற்கு நேரம் இருக்காது. கடைசியில் அம்மை என்று முடிவு செய்தார். இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில் அம்மை காண வேண்டியது, முப்பதில் கதறி மாள வேண்டியது. அந்தத் திட்டத்தின் அழகில் மயங்கி அவர் அன்று இரண்டு தரம் சாப்பிட்டார். அது நல்லதாகப் போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

இருபத்தொன்பதாம் அத்தியாயத்தைக் கொட்டகையில் படித்தார். "அந்தோ! அன்னவளின் பொன்மேனியெங்கும் முத்து முத்தாக..." என்ற இடத்தில் காசம்மாள் கையிலிருந்த சக்கையைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஆத்தா வந்துட்டாளா?"

பக்கிரி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். மாடு ஓட்டுகிறவன் செக்கை நிறுத்தினான்.

"அண்ணே, நீ கெளம்பு" என்றான் பக்கிரி.

"இன்னாத்துக்குடா?"

"ஆத்தா வந்த வூட்டு ஆளு ஆலைக்குள்ள நிக்கக்கூடாது. பாகு திரிஞ்சிடும்."

"அடேய், வந்தது கதையில."

"கதை எங்க இருக்குது?"

"என் வூட்ல, தகரப் பெட்டியில."

"அப்ப உன் வூட்லதான வந்திருக்கா. போ அண்ணே. தலைக்குத் தண்ணி விட்டதும் வா."

தர்க்கசாஸ்திரம் படித்தவர்கள் இதில் ஓட்டை கண்டுபிடிக்கலாம். மணவாளனால் அப்போதைக்கு முடியவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

காசம்மாள் குறுக்கு வழியாக முன்னாலேயே போயிருக்கிறாள். வாசல் கூரையில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே தகரப் பெட்டியின்மேல் வெள்ளைத்துணி விரித்து, அதன்மேலும் ஒரு கொத்து வேப்பிலை. கனகாம்பாள் அவர் கையிலிருந்த அத்தியாயத்தைப் பதமாக வாங்கி, பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினாள். பிறகு கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கொழம்பு?"

"ஆத்தா போற வரைக்கும் இந்த வூட்ல தாளிக்கக் கூடாது."

"கனகாம்பாள், நீயுமா? அது நானா எழுதினதுடி."

"யாரு எழுதினா இன்னாங்க? பதினோரு மாசமா அவளை இந்த வூட்ல வெச்சிருக்கீங்க. ராத்திரி பகல் அவ நெனப்புதான். நான் ஒருநாள் ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? இப்ப ஒடம்புக்கு முடியலன்னு கெடக்கறா. எண்ணெய்ச்சட்டி வெக்க எனக்கு மனசு வரல."

மணவாளன் கூழைக் குடித்தார். மறுநாளும் கூழைக் குடித்தார். கடுகு வெடிக்கிற சத்தம் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கேட்டது. அதை அவர் இவ்வளவு காலமாகச் சங்கீதமாக மதிக்காமல் இருந்துவிட்டார். வீட்டுக்கு யாரும் வரவில்லை. வழியில் பார்த்தவர்கள் எட்டி நின்று, "இறங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்கள். ஆலையில் கதை இல்லாமல் பாகு காய்ந்தது. இங்கே ரசிகர்கள் இல்லாமல் ஆசிரியர் காய்ந்தார்.

இதற்குள் சேதி பரவி, மெரி என்கிற கொம்யூன் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. அம்மை குத்துகிற தனிஸ்லாஸ் வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். தலையில் தொப்பி, கையில் பெட்டி.

"சீக்காளி எங்க?"

"சீக்காளி இல்லீங்க" என்றார் மணவாளன்.

"எல்லாரும் இப்படித்தான்யா மறைக்கிறீங்க. பேரு?"

கனகாம்பாள் உள்ளிருந்து, "குமுதமஞ்சரி" என்றாள்.

"வயசு?"

மணவாளனுக்கு ஆசிரியப் பெருமை வந்துவிட்டது. "இருபத்தொண்ணு. ரெண்டாம் அத்தியாயத்துல பதினாறு."

தனிஸ்லாஸ் தொப்பியைக் கழற்றினார். விஷயம் விளங்க ஒரு சொம்பு மோர் ஆயிற்று. விளங்கிய பிறகு கோபப்படுவார் என்று மணவாளன் எதிர்பார்த்தார். அவர் இருபத்தொன்பதாம் அத்தியாயத்தைக் கேட்டு வாங்கி நின்றுகொண்டே படித்தார். பாதியில் உட்கார்ந்தார்.

"மாமியாக்காரி தண்ணிகூடத் தரமாட்டேங்கறாளே."

"அவ அப்படித்தாங்க" என்றாள் கனகாம்பாள்.

"பொழைக்குமா?"

மணவாளன் கூரையைப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல நான் போய்ப் பாத்த கேஸு எதையும் பறிகொடுத்ததில்ல. பாத்து எழுதுங்க முசே" என்றார் தனிஸ்லாஸ். "வர்ற ஞாயித்துக்கெழமை மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன்." வந்ததற்கு வேலை காட்டவேண்டும் என்பதற்காக மணவாளனின் இடது புஜத்தில் அம்மை குத்திவிட்டுப் போனார். ஒரு நாவலாசிரியர் தம்முடைய கதையின் பொருட்டு இவ்வளவு தூரம் உடம்பைக் கொடுத்ததாக வேறெங்கும் தகவல் இல்லை.

மறுநாள் காலை, புஜம் வீங்கியிருக்க, அவர் முப்பதாம் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தார். பங்குனி நெருங்கிவிட்டது. அச்சுக்கூடக்காரர் சொன்னது மனதில் இருந்தது. அட்டையில் தம் பெயர், எழுத்தெழுத்தாக, ஈய வாடையோடு கண்ணில் தெரிந்தது. ஒரே ஒரு சாவு. அவ்வளவுதான் வேண்டும். பேனாவை மசியில் தோய்த்து, 'குமுதமஞ்சரியின் கண்கள்' என்று எழுதினார். மூடின என்று அடுத்த சொல்லை எழுதவேண்டும். சேறு காய்ந்து உதிர்ந்தது. துடைப்பம் வரவில்லை.

கனகாம்பாள் வந்தது புது வேப்பிலையோடு. கொலுசு சத்தம் கேட்காதபடி அடிமேல் அடி வைத்து வந்தாள். வாடிய இலையை எடுத்துவிட்டுப் பெட்டியின்மேல் புதிதை வைத்தாள். துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். போகும்போது, தூங்குகிறவளை எழுப்பிவிடாத குரலில் கேட்டாள்.

"இன்னிக்கு எப்படி இருக்குது அவளுக்கு?"

"கொஞ்சம் தேவலாம்" என்றார் மணவாளன்.

சொல்லிவிட்டுத்தான் தாம் சொன்னதைக் கேட்டார். திரும்பி எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், கனகாம்பாளின் முகம் அதற்குள் மலர்ந்துவிட்டிருந்தது.

"தலைக்குத் தண்ணி எப்ப விடலாம்?"

மணவாளன் பேனாவைப் பார்த்தார். அது எந்த ஆலோசனையும் சொல்லவில்லை. "வெள்ளிக்கெழமை" என்றார்.

குமுதமஞ்சரியின் கண்கள் திறந்தன. முத்து இறங்கியது. மாமியாருக்குத் திடீரென்று புத்தி வந்தது. அதற்குக் காரணம் எழுத அவருக்கு நேரம் இருக்கவில்லை. ரங்கூன் கப்பல் திரும்பியது. பட்டணத்துக்கு வண்டி கட்டவேண்டிய அவசியம் இனிமேல் இல்லை என்று தெரிந்தே எழுதினார். ஏனோ, அன்றைக்கு எழுதிய வேகத்தில் இதுவரை எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆலைக்காரர்கள் வந்தார்கள். காசம்மாள் குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அதை எங்கே விடுவது என்று ஒரு தகராறு வந்தது. பெட்டிமேல் விட்டால் அத்தியாயம் நனைந்துவிடும்.

"அண்ணே தலையில விடு" என்றான் பக்கிரி. "அவ இவருகிட்டதான இருக்கா."

மணவாளன் வாசலில் குந்தினார். மூன்று குடம். தண்ணீர் காதுக்குள் போய், வீங்கிய புஜத்தில் வழிந்து, வேட்டியை நனைத்தது. பக்கிரி துண்டைக் கொடுத்தான்.

"பொழைச்சிகினாளா?"

"உம்."

பக்கிரிக்குத் தை மாதத்துச் சக்கைக் குவியல் முழக்கம் ஞாபகம் இருந்திருக்கும். "சாயங்காலம் வா அண்ணே. நல்ல பதமா ஒண்ணு காச்சறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களோடு போனான்.

மணவாளன் ஈரத் தலையோடு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே நாவலின் பெயரைத் தாங்கிய முதல் தாள் இருந்தது, கொட்டை எழுத்தில், இரண்டு மடங்கு மசி செலவழித்து எழுதியது. அடுக்களையில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. அவர் பேனாவை எடுத்து, 'அல்லது' என்பதில் தொடங்கி அந்த வரி முடிகிறவரை, சத்தமில்லாமல் ஒரு கோடு கிழித்தார். இன்னொரு கோடும் கிழித்தார்.

"இன்னாங்க பண்றீங்க? சாப்புட வாங்க" என்றாள் கனகாம்பாள்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் மசி கொட்டிடுச்சு" என்றார் மணவாளன். கடுகு வெடித்தது.